மாதுளை மரத்தில் ஏழு குண்டுகள்

எங்கள் தெருவில் வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வருகிறார்கள். கவாத்து என்றால் என்ன, மூடாக்கு எதற்கு, ஒட்டுக்கன்றுக்கும் பதியனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பார்கள். நானும் சொல்வேன். போகும்போது, "ஐயா இதெல்லாம் எங்க படிச்சீக?" என்று மரியாதையாக ஒரு கேள்வி வரும். அதற்கு மட்டும் நான் பதில் சொல்வதில்லை. (சொன்னால் மறுநாள் ஒருத்தனும் வரமாட்டான்.) நான் ஏழாம் வகுப்பைக் கூட முடிக்கவில்லை. செடி கொடிகளைப் பற்றி எனக்குத் தெரிந்த அத்தனையும் ஒரு காலை நேரத்தில் நான் செய்த காரியத்துக்குத் தண்டனையாகக் கற்றுக்கொண்டவை. வீட்டில் அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. அடுத்தவர் வாயில் அது மேலும் மோசமாவதற்கு முன் நானே எழுதிவிடுவது நல்லது.

அறுபதுகளின் தொடக்கம் அது. தூரத்தை மைலில் சொன்ன காலம். நான் எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்துக் கலவை அறையில் வேலை பார்த்தேன். பிறவியிலேயே எனக்குப் பயம் அதிகம். கதவைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். பஸ்ஸில் ஏறியபின் இறங்கிவந்து நாலாவது முறையும் இழுத்துப் பார்த்திருக்கிறேன். இப்படிப்பட்டவனுக்கு உலகத்தில் வேறெங்கும் மரியாதை கிடையாது, பட்டாசு ஆலையில் உண்டு. "இவன மாதிரி பயப்படுங்கலே" என்று போர்மேன் புதிதாக வருகிறவர்களிடம் என்னைக் காட்டுவார். இரும்புக் கரண்டி கூடாது, ஆணி அடித்த செருப்பு கூடாது, ஈரம் பட்ட மருந்தைத் தொடக் கூடாது. எனக்கு இந்த விதிகளெல்லாம் மனப்பாடம். பள்ளிக்கூடத்தில் ஒரு செய்யுள் கூட இப்படி மனத்தில் நின்றதில்லை.

ஆனால் பயந்தவனுக்குப் பெண் கிடைப்பது கஷ்டம். ஒரு வீட்டில் வெடி வேலை வேண்டாம் என்றார்கள். இன்னொரு வீட்டில் படிப்பைக் கேட்டுவிட்டு, காப்பி வருவதற்குள் பேச்சை மழைக்கு மாற்றினார்கள். எனக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. மூன்றாவதாக வந்ததுதான் விருதுநகர் இடம். பெண்ணின் பெயர் சௌந்தரம். அப்பா சங்கரலிங்கம், வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். பெண் பார்த்தாகிவிட்டது, இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது. தை மாதம் ஒரு நல்ல நாளில் வெற்றிலை மாற்ற நாள் குறிக்க வேண்டும், அவ்வளவுதான் பாக்கி. அதற்காக நானும் என் தாய்மாமனும் சிவகாசியிலிருந்து காலை பஸ் ஏறினோம்.

"இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா எனக்கு அலைய சீவன் இல்லலே" என்றார் மாமா பஸ்ஸில். "வாய மூடிக்கிட்டு இரு. எதையும் தொடாத."

அவர் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

போனோம். இட்லி, பூரி, கேசரி எல்லாம் ஆயிற்று. நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுக்கும் நேரத்தில் கடையிலிருந்து ஆள் வந்தான், லோடு வந்து நிற்கிறது என்று. சங்கரலிங்கம் எழுந்தார்.

"ஒரு மணி நேரத்துல வந்துருதேன். தோட்டத்தச் சுத்திப் பாத்துக்கிட்டு இருங்க தம்பி. செடின்னா எனக்கு உசிரு."

மாமா கேசரியின் கனத்தில் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார், உடனே குறட்டை. நான் மட்டும் கொல்லைப்புறம் போனேன்.

அங்கே அடுக்களையின் புகைபோக்கியிலிருந்து பத்தடி தூரத்தில் ஒரு கிழட்டு மாதுளை மரம். அதைப் பார்த்ததும் நின்று, ஒன்று இரண்டு என்று எண்ணினேன். மரத்தில் ஏழு அணுகுண்டுகள் தொங்கின.

நகரத்தில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது, அதனால் சொல்கிறேன். அணுகுண்டு வெடி என்பது உருண்டையாக, மேலே சணலை இறுக்கிச் சுற்றி, ஒரு பக்கம் திரி நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சணல் சுற்றுகிற வேலையை எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு கொடுத்து வாங்குவார்கள். மாதுளையில் தொங்கியவையும் அப்படியே இருந்தன. உருண்டை, சணல், நீட்டிக்கொண்டு ஒரு திரி. தேங்காய் அளவு. கம்பெனியில் கூட இவ்வளவு பெரிதாக நான் பார்த்ததில்லை. (ஏதோ கோயில் திருவிழாவுக்கான ஸ்பெஷல் ஆர்டர் என்று என் மூளை அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தது.) யாரோ வேலை வாங்கிச் சுற்றிவிட்டுக் காயப்போட்டிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பக்கத்தில் போய் ஒன்றை விரல் நுனியால் தொட்டேன்.

ஈரம்.

அவ்வளவுதான். அலுமினியப் பொடி கலந்த மருந்தில் ஈரம் பட்டால் தானாகவே சூடேறும். யாரும் நெருப்பு வைக்க வேண்டாம், அதுவே வைத்துக்கொள்ளும். முழுக்க நனைந்தால் ஆபத்தில்லை. காய்ந்து கிடந்தாலும் ஜாக்கிரதையாக இருந்தால் பிழைக்கலாம். அரை ஈரம்தான் எமன். மேலே வெயில், பக்கத்தில் புகைபோக்கி, உள்ளே வடை சட்டி.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். இத்தனை வருஷமாக எல்லாரும் அதைத்தான் கேட்கிறார்கள். அடுக்களையில் சௌந்தரமும் அவள் அம்மாவும் இருந்தார்கள். பேச்சு முடியாத வீட்டில், மாப்பிள்ளை என்று வந்தவன் அடுக்களை ஜன்னலில் முகத்தை நீட்டிப் பேசலாமா? நான் ஓடிப் போய் மாமாவை உலுக்கினேன்.

"மாமா, மரத்துல குண்டு!"

"எத்தன?" என்றார் கண் திறக்காமல்.

"ஏழு!"

"பழுத்திருந்தா ரெண்டு பறிச்சிட்டு வா" என்று மறுபடி தூங்கிவிட்டார்.

திரும்பிப் போய் அடுக்களை வாசலில் நின்று கத்தினேன். "அடுப்ப அணைங்க! எல்லாரும் தெருவுக்கு ஓடுங்க!"

என் மனைவியிடம் நான் பேசிய முதல் வார்த்தைகள் இவைதான்.

"என்ன தம்பி? பாம்பா?" என்றார் அவள் அம்மா.

"கேக்காதீக, ஓடுங்க!"

சௌந்தரம் கையில் கரண்டியோடு என்னைப் பார்த்தாள், நான் கை நீட்டிய மரத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவளுக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். ஆனால் பேச்சு முடியும் முன் நான் அவளோடு பேசக் கூடாது என்றால், அவளும்தானே என்னோடு பேசக் கூடாது! அதற்குள் அவள் அம்மா அடுப்பில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடினார். பக்கத்து வீடுகளிலும் ஓடினார்கள். அடுப்பை அணை, ஓடு என்று காதில் விழுந்தால் எங்கள் ஜில்லாவில் யாரும் நின்று விளக்கம் கேட்பதில்லை.

குறட்டை விடும் மாமாவை விட்டால் நான் ஒருவன்தான் உள்ளே. கால் இரண்டும் தனித்தனியாக ஆடின. செருப்பைக் கழற்றினேன். சுவரில் ஆணியில் ஒரு கவாத்துக் கத்திரி தொங்கியது. (காய்ந்த கிளை, குறுக்கே போகிற கிளை, அடியிலிருந்து வெடிக்கிற போத்து, இவற்றை வெட்டி மரத்துக்குக் காற்றும் வெளிச்சமும் விடுவதுதான் கவாத்து. அன்று எனக்கு அது வெறும் கத்திரி.) இரும்பாயிற்றே, பொறி பறக்குமே என்று ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் தண்ணீரில் முக்கினேன். முதலில் உருண்டைக்கு மேலே வெட்டி, இலையோடு இருந்த நுனியைக் குப்பையில் வீசினேன். பிறகு உருண்டையை ஒரு கையில் தாங்கிக்கொண்டு கீழே வெட்டினேன். ஏழுக்கும் இப்படியே. கைக்குழந்தையைக் கொண்டுபோவது போலக் கொண்டுபோய், அடுக்களை வாசலில் இருந்த செம்பு அண்டாவில் ஒவ்வொன்றாக இறக்கினேன். எங்கள் கம்பெனியில் வீணான வெடியை அப்படித்தான் தண்ணீரில் ஊறப் போட்டுச் சாகடிப்போம்.

அந்த அண்டாவில் இருந்தது குடிதண்ணீர். கிணறுகள் உப்பாக இருந்த ஊரில், விருந்தாளிகள் வருகிறார்கள் என்று முந்தின நாள் தூரத்திலிருந்து சுமந்து நிரப்பி வைத்தது. ஏழாவது உருண்டை இறங்கும்போது தண்ணீர் தொழுவத்துக் குட்டை போல ஆகியிருந்தது.

தெருவில் சங்கரலிங்கத்தின் குரல் கேட்டது. "என்னலே இது, எங்க வீட்டு முன்னால தேரா ஓடுது?"

கூட்டத்தோடு உள்ளே வந்தார். நான் தொப்பலாக நனைந்து அண்டாவுக்குக் காவல் நின்றேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு வீரச் செயல் செய்துவிட்டோம் என்று நெஞ்சு விம்மியது.

"பயப்படாதீக மாமா" என்றேன். (அதற்குள் மாமா!) "ஏழையும் முக்கிட்டேன். அரை மணி நேரம் ஊறட்டும். யாரும் தொட வேண்டாம்."

"எத முக்குனீக?"

"குண்ட."

அவர் மரத்தைப் பார்த்தார். வெட்டுப்பட்ட ஏழு கிளைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அண்டாவுக்குள் கை விட்டு ஒன்றை எடுத்தார். நான் காதைப் பொத்திக்கொண்டேன். அவர் நிதானமாகச் சணலைப் பிரித்தார். சாக்குத் துணி வந்தது. அதற்குள் மண்ணும் தென்னை நாரும் சாணியும் பிசைந்த உருண்டை, ஊறிப் போய் வழிந்தது. உள்ளே, ஒரு குச்சியைச் சுற்றி, வெள்ளை வெளேரென்று சேமியா மாதிரி வேர்கள்.

"இந்தா, பாத்துக்கிடுங்க" என்றார். "இதான் மருந்து."

கூட்டத்தில் ஒரு அம்மாள், "இதுக்காய்யா எங்கள ஓட வச்சீக? அங்கன ஒலையில சோறு கொழஞ்சு கூழாப் போச்சு!" என்றாள்.

சங்கரலிங்கம் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் ஓடிப்போயிருப்பேன். மிகவும் களைத்த குரலில், பக்கத்தில் இருந்த கல்லில் உட்கார்ந்து, பாடம் எடுப்பது போலச் சொன்னார்.

"இதுக்குப் பேரு பதியன், தம்பி. பென்சில் மொத்தத்துல ஒரு கெளையப் பாத்து, ஒரு இஞ்சு அகலத்துக்குச் சுத்தி வரப் பட்டைய உரிக்கணும். எலை செய்யிற சாப்பாடு பட்டை வழியாத்தான் கீழ எறங்கும். பட்டை இல்லைன்னா அங்கனயே தேங்கி நிக்கும். அந்த எடத்துல ஈர மண்ண வச்சுக் கட்டுனா, மரம் ஏமாந்து போயி வேர் விட்டுரும். ஈரம் காயாம இருக்கத்தான் அந்தத் திரி. தெனம் அதுல தண்ணி ஊத்துவேன். மூணு மாசம். அடுத்த வாரம் எறக்கலாம்னு இருந்தேன்."

"வேற கட்டிக்கிடலாமே மாமா?" என்றேன் ஈனக் குரலில்.

"மரத்தத் துளைப்பான் புழு அரிச்சிருச்சு. இந்தக் கோடை தாங்காது. கட்டுறதுக்கு வேற கெளை எங்க இருக்கு?"

"வெதை போட்டா?"

"வெதை போட்டா வாறது அதோட பிள்ளை. பிள்ளை அப்பன் மாதிரியே இருக்கும்னு யாரு சொல்ல முடியும்? பதியன்ல வாறதுதான் அதே மரம், அதே பழம்." அண்டாவைப் பார்த்தார். "ஏழு பேருக்குன்னு சொல்லி வச்சிருந்தேன். அதுல ஒண்ணு ஒங்க வீட்டுக்கு. சௌந்தரத்தோட அனுப்பணும்னு."

அந்த நேரம் பார்த்து என் தாய்மாமன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தார். "பழம் பறிச்சாச்சா?"

சங்கரலிங்கம் கல்லை விட்டு எழுந்தார். பஞ்சாங்கம் பரணுக்கே திரும்பிப் போயிற்று. புறப்படும்போது சங்கரலிங்கம் வாசலில் நிறுத்திச் சொன்னார். "இந்த ஏழு கட்டையையும் தொட்டியில வைக்கேன். ஒண்ணாச்சும் துளிர்க்கட்டும், பேசுவோம். துளிர்க்கலைன்னா தப்பா நெனைக்காதீக. ஒங்களுக்குக் குடுத்துட்டு என் மகள நெனச்சாலும் இந்த மரந்தான் நெனப்புக்கு வரும்."

பஸ்ஸில் மாமா என் பக்கத்தில் உட்காரவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சிவகாசியிலிருந்து விருதுநகருக்குப் போனேன். ஏழு மண் தொட்டிகளில் ஏழு மொட்டைக் குச்சிகள். அவற்றைப் பார்க்க அனுமதி உண்டு. காப்பி உண்டு. பேச்சு மட்டும் செடியைப் பற்றித்தான்.

முதல் வாரம் கண் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். கணுவுக்குக் கணு ஒரு சின்னப் புடைப்பு இருக்கும், அதுதான் கண். நுனி உயிரோடு இருக்கிற வரை கீழே உள்ள கண்கள் தூங்கும், நுனியை வெட்டினால் விழிக்கும். "அப்ப விழிக்குமா மாமா?" என்றேன் சங்கரலிங்கத்திடம். "கட்டைல சாப்பாடு மிச்சம் இருந்தா விழிக்கும். நீங்க எலை முச்சூடும் வெட்டிட்டீகளே, சமைக்க ஆளு?" என்றார். இரண்டாவது வாரம் மூடாக்கு. தொட்டி மண்ணின் மேல் காய்ந்த சருகைப் பரப்பியிருந்தார், வெயிலில் ஈரம் போகாமல் இருக்க. எனக்குக் காய்ந்த சருகைப் பார்த்தாலே கை பரபரக்கும், எங்கள் கம்பெனியில் ஒரு சருகு கிடக்க விடமாட்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மூன்றாவது வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் ஏழு தொட்டிக்கும் ஒவ்வொரு செம்புத் தண்ணீர் ஊற்றி, வேருக்கும் மூச்சு உண்டு, மண்ணில் காற்று இல்லாவிட்டால் அழுகிப்போகும் என்பதைக் கற்றுக்கொண்டேன். அந்த வாரம் மூன்று குச்சிகள் கறுத்துப் போயின.

கம்பெனியில் போர்மேன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மனசு ஒரு எடத்துல இல்லாதவன் மருந்துக்குள்ள போகக் கூடாது" என்று என்னை லேபிள் ஒட்ட அனுப்பினார். அங்கே லேபிள்களைத் தலைகீழாக ஒட்டினேன். நாலாவது வாரம் இன்னும் இரண்டு குச்சிகள் போயின. தாய்மாமன் வேறு இடம் பார்க்க ஆரம்பித்துவிட்டதாகச் சாப்பாட்டு நேரத்தில் பொதுவாகச் சுவரைப் பார்த்துச் சொன்னார். எனக்கோ வேறு இடம் வேண்டியிருக்கவில்லை. கரண்டியோடு வாயெடுத்து நின்ற அந்த முகம் எந்த வேலை செய்தாலும் குறுக்கே வந்தது.

ஐந்தாவது ஞாயிறு, இனிமேல் வர வேண்டாம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டே போனேன். ஆறு தொட்டிகள் காலி. ஏழாவதில் செம்பு நிறத்தில், எறும்பு அளவுக்கு, இரண்டு இலைகள்.

சங்கரலிங்கம் குனிந்து பார்த்தார். மூடாக்கை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டு நெருடினார். வெகு நேரம் நெருடினார். பிறகு நிமிர்ந்து அடுக்களை ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரோ விலகும் வளையல் சத்தம் கேட்டது. கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

"துளிர்த்திருக்கு" என்றார். "வைகாசியில நாள் பாக்கச் சொல்லுங்க."

கல்யாணம் நடந்தது. விருதுநகர் மரம் அந்தக் கோடையிலேயே பட்டுப்போயிற்று. ஐப்பசி மழை தொடங்கியதும் தொட்டிச் செடியைச் சிவகாசியில் எங்கள் வீட்டுக் கொல்லையில் மாற்றி நட்டோம். தொட்டியை உடைத்தபோது மண் உதிர்ந்து வேர் தெரிந்தது. அதற்குள் எனக்குப் பாடம் கொஞ்சம் ஏறியிருந்தது. பதியன் என்றால் வேருக்குக் கீழே பட்டை உரித்த வளையம் தழும்பாக இருக்க வேண்டும். இதில் வளையமும் இல்லை, தழும்பும் இல்லை. கணுவுக்குச் சற்றுக் கீழே கத்தியால் சாய்வாகச் சீவியிருந்தது.

"இது பதியன் இல்லையே" என்றேன்.

"இல்ல, குச்சி" என்றாள் சௌந்தரம், தண்ணீர்க் குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு. "நீங்க வெட்டிக் குப்பையில எறிஞ்சீகல்ல, அந்த நுனில ஒண்ணு. அன்னைக்கே எடுத்து, கெணத்தடி ஈரத்துல ஊனி வச்சேன். நீங்க தண்ணி ஊத்தி அழுகவச்ச தொட்டியில பெறகு மாத்திட்டேன்."

"ஒங்க அப்பாவுக்குத் தெரியுமா?"

"மண்ணுக்குள்ள வெரல விட்டு அம்புட்டு நேரம் என்ன தேடுனாரு? அந்த வளையத்தத்தான்."

பிறகு ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாமனாரையே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எம் மக ஊனி வச்சத நான் புடுங்கவா மாப்ளே?" என்றார். அதோடு குச்சி நடுவது பற்றி முக்கால் மணி நேரம் சொன்னார்.

அவள் ஏன் ஊனினாள் என்று கேட்க எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறக்கும் வரை ஆயிற்று. அப்போதும் கீரை ஆய்ந்துகொண்டே, நிமிராமல்தான் பதில் சொன்னாள். "எல்லாரையும் ஓடுங்கன்னீக. நீங்க ஓடலையே. தெருவுல நின்னு நடை வழியாப் பாத்தேன், ஒங்க காலு ரெண்டும் அந்த ஆட்டம் ஆடுது. ஆனாலும் ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போறீக." கீரைத் தண்டை ஒடித்துப் போட்டாள். "அறிவு கம்மிதான். பாத்துக்கிடலாம்னு நெனச்சேன்."

மரம் இன்னும் காய்க்கிறது. பேரப்பிள்ளைகள் லீவுக்கு வரும்போது முதல் பழத்தை நான்தான் பிளக்க வேண்டும், அது வீட்டு வழக்கம். கத்தியை எடுத்ததும் யாராவது ஒருத்தர், "அடுப்ப அணைங்க! எல்லாரும் தெருவுக்கு ஓடுங்க!" என்று கத்துவார்கள். புதிதாக வந்த மருமகனோ மருமகளோ இருந்தால் நிஜமாகவே வாசல் வரை ஓடிவிடுவார்கள். திரும்பி வந்ததும் கதை முதலிலிருந்து ஆரம்பமாகும். குண்டுகளின் எண்ணிக்கை இப்போது பதினொன்றில் நிற்கிறது. நான் திருத்துவதை விட்டுவிட்டேன். பழத்தைப் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, கறை போகக் கை கழுவ எழுந்தால், உள்ளேயிருந்து அவள் குரல் வரும்.

"அண்டாவுல முக்கிராதீக. குடிக்கிற தண்ணி."